மேப்பின் பரப்பளவை அளந்து மதிப்பெண் போடாதீர்கள்

ஓப்பன் வேர்ல்டு ஃபேன்டஸி ஆர்பிஜிகளுக்கு (மாய உலகில் ஒரு பாத்திரமாக இஷ்டம்போல் சுற்றி ஆடும் கேம்களுக்கு) தரவரிசை வெளியிட்ட தமிழ் கேம் விமர்சனக் குழுவினருக்கு,

நீங்கள் வெளியிட்ட பட்டியலையும் அதன் கடைசியில் கொடுத்திருந்த மதிப்பெண் அட்டவணையையும் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். மேப்பின் பரப்பளவுக்கு 25, மொத்த விளையாட்டு நேரத்துக்கு 25, குவெஸ்ட் (கேமில் நமக்குத் தரப்படும் வேலை) எண்ணிக்கைக்கு 25, கிராஃபிக்ஸுக்கு 25. இந்த நான்கையும் கூட்டி வரிசை போட்டிருக்கிறீர்கள். மாரோவிண்ட் முதல் இருபதுக்குள் வரவில்லை. காதிக் 2 பட்டியலிலேயே இல்லை. இரண்டும் எனக்குப் பிடித்த கேம்கள்தான், மறைக்கவில்லை. ஆனால் நான் எழுதுவது அதற்காக அல்ல. இந்த அட்டவணையை வைத்து எந்தக் கேமை எடைபோட்டாலும் தப்பான பதில்தான் வரும்.

இதே ஆட்சேபத்தை உங்களுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். "அளக்க முடிந்ததைத்தான் அளக்க முடியும், மற்றதெல்லாம் அவரவர் ரசனை" என்று இரண்டு வரியில் பதில் அனுப்பினீர்கள். அந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலைப் பார்த்துப் பணம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஒரு பெரிய கேம் இன்றைக்கு மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ஆகிறது. என் அக்கா மகன் பல மாதம் சேர்த்து வைத்த காசில், நீங்கள் மேல் வரிசையில் வைத்திருந்த ஒரு கேமை வாங்கினான். மேப்பில் இருந்த ஐகான் அத்தனையையும் முடித்தான். முடித்ததும் அவனிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "அந்த நாட்டை ஞாபகத்திலிருந்து வரைடா" என்றேன். ஒரு கோட்டையை வரைந்தான், பக்கத்தில் ஒரு மலை. அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாத்துக்கும் மினிமேப்பைத்தானே மாமா பார்த்துட்டே போனேன்" என்றான். திரையின் மூலையில் வழி காட்டும் சின்ன மேப்பைச் சொல்கிறான். அத்தனை மணி நேரம் ஒரு நாட்டில் இருந்தவனுக்கு அந்த நாடு தெரியவில்லை. உங்கள் அட்டவணைப்படி அந்தக் கேமுக்குப் பரப்பளவில் முழு மதிப்பெண்.

பரப்பளவு எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு ஒரே நிறுவனத்தின் இரண்டு கேம்களே சாட்சி. பெதெஸ்டா 1996இல் டாகர்ஃபால் வெளியிட்டது. கிரேட் பிரிட்டன் அளவுக்குப் பெரிய உலகம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஊர், கோயில், கல்லறை, குகை என்று பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள். பெரும்பகுதியைக் கணினியே விதிகளின்படி உருவாக்கியது. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் பெயரைத் தவிர வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். நடுவில் இருக்கும் நிலத்தில் யாரும் நடப்பதில்லை, நடந்தாலும் ஒன்றும் கிடைக்காது. அடுத்து 2002இல் அவர்களே மாரோவிண்ட் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு தீவு, வார்டன்ஃபெல். முந்தையதோடு ஒப்பிட்டால் கைக்குட்டை அளவு. ஆனால் ஒவ்வொரு பாறையும் காளான் மரமும் மனிதக் கையால் வைக்கப்பட்டவை. இருபது வருஷம் கழித்தும் மக்கள் திரும்பப் போய் விளையாடுவது அந்தச் சின்னத் தீவில்தான். பரப்பளவு ஒரு தகுதி என்றால் உங்கள் பட்டியலில் டாகர்ஃபால் அல்லவா முதலிடத்தில் இருக்க வேண்டும்? அதையும் நீங்கள் வைக்கவில்லை. அப்படியானால் உங்கள் மனசுக்கே தெரிந்திருக்கிறது, அந்த 25 மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை என்று.

என் அளவுகோலைச் சொல்கிறேன். அந்த உலகம் ஆடுகிறவரைத் தன் கண்ணையும் காதையும் புத்தியையும் நம்ப வைக்கிறதா? அவர் எடுக்கும் முடிவை உலகம் காதில் போட்டுக்கொள்கிறதா? ஓப்பன் வேர்ல்டு ஃபேன்டஸி ஆர்பிஜி எதற்காக இருக்கிறதோ அது இதில்தான் இருக்கிறது. இது ரசனை விஷயம் என்று ஒதுக்க முடியாது. உட்கார்ந்து விளையாடிச் சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம்.

மாரோவிண்டின் ஆரம்பத்தில் வரும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பால்மோரா ஊரில் வீரர் சங்கத்தில் ஹாஸ்ஃபட் என்ற ஆள் இருப்பார். உங்களுக்குத் தேவையான தகவல் அவரிடம் இருக்கிறது. சும்மா தரமாட்டார். ஆர்க்ங்தாண்ட் என்ற இடிந்த கோட்டைக்குள் போய் ஒரு புதிர்ப்பெட்டியைக் கொண்டு வா என்பார். மேப்பில் அம்புக்குறி எதுவும் வராது. வழியை வாயால்தான் சொல்வார். ஊரைவிட்டுத் தெற்கே இறங்கு, மூன்மாத் கோட்டைப் பக்கம் போ, எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த பள்ளத்தாக்கின் மேலே ட்வெமர்கள் என்ற பழங்கால இனத்தார் கட்டிய பாலம் இருக்கும், அதைத் தாண்டிப் போனால் கோட்டை. அவ்வளவுதான். நீங்கள் நடக்க வேண்டும். பாலத்தைத் தேட வேண்டும். பாலத்தைக் கண்டதும், "ஆமாம், அவர் சொன்னது இதுதான்" என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல் வரும். கோட்டை வாசலுக்கு வந்தால் கதவு திறக்காது. சாவித் துவாரம் இல்லை. சுற்றிலும் பார்த்தால் பக்கத்தில் ஒரு குழாயில் திருகு கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பினால் கல்கதவு நகரும். உள்ளே போனால் அந்தப் பெட்டி ஒரு கையளவு கனசதுரம், அலமாரியில் மற்றச் சாமான்களோடு சாமானாகக் கிடக்கும். அது பளபளக்காது, அதைச் சுற்றி ஒளிவட்டமும் இருக்காது. தவறவிட்டுத் திரும்பி வந்து தேடியவர்கள் ஏராளம்.

இந்தக் குவெஸ்ட் உங்கள் அட்டவணையில் எண்ணிக்கையில் ஒன்று. "பத்து ஓநாயைக் கொன்று வா" என்பதும் ஒன்று. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

அதே பெதெஸ்டாவின் ஸ்கைரிமை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2011 நவம்பரில் வந்த நாளிலிருந்து அந்தப் பனிமலைகளில் நான் அலைந்திருக்கிறேன். ஆனால் அதில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் மேப் குறியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பல குவெஸ்ட்களில் எங்கே போவது என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், குறிப்பேட்டிலும் இருக்காது. குறி இருக்கும் என்ற நம்பிக்கையில் வசனமே எழுதப்பட்டிருக்கிறது. மாரோவிண்டில் குறியே இல்லாமல் வழி கண்டுபிடிக்கலாம், ஸ்கைரிமில் குறியை அணைத்தால் வழி தெரியாமல் நின்றுவிடுவீர்கள். இது கண்ணால் பார்க்கக்கூடிய வித்தியாசம். இதற்கு ஏன் மதிப்பெண் இல்லை?

அடுத்தது ஆபத்து. ஜெர்மனியின் பிரான்யா பைட்ஸ் செய்த காதிக் 2 வந்ததும் 2002தான். ஒரு மந்திரவாதியின் கோபுரத்திலிருந்து கிழிந்த துணியோடு கிளம்புவீர்கள். கோரினிஸ் நகரத்துக்குள் போக வேண்டும். வாசலில் காவலர்கள் உங்கள் கோலத்தைப் பார்த்து உள்ளே விடமாட்டார்கள். வழியில் லோபார்ட் என்ற விவசாயியின் தோட்டம் இருக்கிறது. அவருக்கு டர்னிப் கிழங்கு பிடுங்கிக் கொடுத்தால் குடியானவர் உடையை விலை குறைத்துத் தருவார். அதைப் போட்டுக்கொண்டு போனால் வாசலில் பண்ணையாள் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வேறு வழிகளும் உண்டு. உலகத்தைக் காப்பாற்றப் போகிறவர் முதலில் கிழங்கு பிடுங்குகிறார்! நாலு காசுக்கு அந்த ஊரில் என்ன மதிப்பு, யாருக்கு யார் மேல் அதிகாரம் என்பதெல்லாம் அந்த ஒரு வேலையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். மேப்பைக்கூடத் துறைமுகப் பக்கம் அதை வரைந்து விற்கிற ஆளிடம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

சாலையைவிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் செத்தீர்கள். அங்கே இருக்கும் மிருகம் உங்கள் லெவல், அதாவது உங்கள் பாத்திரத்தின் பலம், ஏறட்டும் என்று காத்திருக்கவில்லை. அது அங்கே வாழ்கிறது. பல நாள் கழித்து, வாள் பிடிக்கச் சரியாகக் கற்றுக்கொண்டு, அதே காட்டுக்குத் திரும்பி வந்து அதே மிருகத்தைச் சாய்க்கும்போது நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதை 2006இல் வந்த பெதெஸ்டாவின் ஆப்ளிவியனோடு வைத்துப் பாருங்கள். அருமையான கேம், அதன் இசையை இன்றும் கேட்கிறேன். ஆனால் நீங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். கடைசியில் சாலையோரம் வழிப்பறி செய்கிறவன், ஒரு மாளிகையே வாங்கக்கூடிய விலையுள்ள கண்ணாடிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு உங்களிடம் நூறு பொற்காசு கேட்பான். கஷ்டப்பட்டு வளர்ந்ததற்கு என்ன பலன்? எங்கே போனாலும் ஒரே அளவு ஆபத்து என்றால் எங்கே போனாலும் ஒரே இடம்தான். மாட் செய்கிறவர்கள், அதாவது கேமைத் தாங்களே மாற்றியமைக்கும் ரசிகர்கள், முதல் வேலையாக இதைத்தான் திருத்தினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் விமர்சனத்தில் இதற்கு ஒரு வரி இல்லை.

எல்டன் ரிங் 2022இல் வந்தபோது முதல் வெளியிலேயே தங்கக் கவசக் குதிரைவீரன் ஒருவனை நிறுத்தி வைத்தார்கள். சுற்றிக்கொண்டு போகத் தெரிந்தால் பிழைப்பீர்கள். இயக்குநர் மியாசாகியின் குழு அங்கே சொல்லிக் கொடுத்தது அதைத்தான்: இங்கே முடிவு உன்னுடையது. அதே கேமில் கிழக்கே மூடுபனிக் காட்டுக்குள் ஒரு கிணற்றுக்கட்டடம் இருக்கிறது. உள்ளே ஒரு லிஃப்ட். ஏறி நின்றால் இறங்கிக்கொண்டே இருக்கும், நிற்காது. இவ்வளவு ஆழம் எதற்கு என்று சந்தேகம் வரும் அளவுக்கு இறங்கும். வெளியே வந்தால் பூமிக்கடியில் ஒரு வானம், நட்சத்திரங்களோடு, அதன் கீழே சியோஃப்ரா நதி. எனக்கு அப்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது. அங்கே போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மேப்பில் அப்படி ஓர் இடம் இருப்பதாகவே காட்டவில்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் மேப்புக்கு இன்னொரு அடுக்கு இருப்பதே தெரிந்தது. ட்ரெய்லரில் காட்டி, ஐகான் போட்டு, கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருந்தால் அதில் பாதிகூட இருந்திருக்காது.

முடிவுகளுக்கு வருவோம். விட்சர் 3ஐ நீங்கள் உயரத்தில் வைத்திருக்கிறீர்கள், சரி. ஆனால் காரணமாக மணி நேரத்தையும் குவெஸ்ட் எண்ணிக்கையையும் சொல்லியிருக்கிறீர்கள். 2015இல் அந்தக் கேமை மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடியது வெலன் சதுப்பு நிலத்தின் ப்ளடி பாரன் என்ற பிரபுவுக்காக. மனைவியை அடித்த குடிகாரன். அவனை வெறுத்துக்கொண்டே அவன் அழுவதையும் பார்க்க வேண்டியிருக்கும். நடுவில் ஒரு மரத்தடியில் சிறைப்பட்டிருக்கும் ஆவியை விடுவிப்பதா, கொல்வதா என்று ஒரு முடிவு. விடுவித்தால் சதுப்பு நிலத்து அனாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள், ஒரு கிராமம் அழியும், பாரனின் மனைவி உயிர் போகும். கொன்றால் அவள் சித்தம் கலங்கியாவது உயிரோடு இருப்பாள், குழந்தைகள் இருக்க மாட்டார்கள். முடிவெடுக்கும்போது இதில் எதுவும் உங்களுக்கு முழுசாகத் தெரியாது. நல்லவனுக்கு நீலப் புள்ளி, கெட்டவனுக்குச் சிவப்புப் புள்ளி என்று எதுவும் ஏறாது. எந்தப் பக்கம் போனாலும் ராத்திரி படுத்த பிறகும் அது மனசில் ஓடும்.

அதே கேமில் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடல் முழுக்கக் கேள்விக்குறிகளைத் தூவியிருப்பார்கள். படகில் போக வேண்டும், பறக்கும் சைரன்களை அடித்து விரட்ட வேண்டும், மிதக்கும் பீப்பாயையும் பெட்டியையும் திறக்க வேண்டும், மறுபடி படகு. உங்கள் மணி நேரக் கணக்கை நிரப்புவது அந்தப் பீப்பாய்கள். பாரனுக்கும் பீப்பாய்க்கும் வித்தியாசம் பார்க்காத அட்டவணை எதற்கு உதவும்?

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. நின்டெண்டோவின் ப்ரெத் ஆஃப் தி வைல்டை ஆர்பிஜி என்று சொல்லலாமா என்ற சண்டை இருக்கிறது. நீங்கள் அதைச் சேர்த்துக்கொண்டதால் நானும் எடுத்துக்கொள்கிறேன். அதில் உலகமெங்கும் ஒளித்து வைத்த 900 கொரோக் விதைகள் என்று பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். ஆயுதம், வில், கேடயம் வைக்கும் இடத்தை முழுசாகப் பெரிதாக்க 441 விதை போதும். தொள்ளாயிரத்தையும் சேகரித்தால் கிடைப்பது ஒரு வேடிக்கைப் பரிசு மட்டுமே. எல்லாவற்றையும் பொறுக்குவதற்காக அவர்கள் வைக்கவில்லை. யார் எந்தப் பக்கம் போனாலும், எந்த மரத்தடியில் நின்றாலும், "இது என்ன வித்தியாசமாக இருக்கிறதே" என்று ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தால் ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தார்கள். இயக்குநர் ஃபுஜிபயாஷி தன் ஊரான கியோட்டோவின் மேப்பை வைத்துக்கொண்டு, எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை ஏதாவது கண்ணில் பட வேண்டும் என்று யோசித்துத் தீர்மானித்தார். மலைகளை முக்கோணமாக வைத்து, ஏறுவதா, சுற்றிப்போவதா, அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று ஆடுகிறவரே யோசிக்கும்படி நிலத்தை வடிவமைத்ததாக அந்தக் குழு 2017இல் ஜப்பானில் ஒரு கருத்தரங்கில் விளக்கமாகச் சொன்னது. எத்தனை பேருடைய உழைப்பு! அதையெல்லாம் விட்டுவிட்டு 900 என்ற எண்ணைப் பாராட்டுவது அவர்களுக்கும் மரியாதை இல்லை.

கிராஃபிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய கேமுக்கு 25இல் மூன்று கொடுத்து, புதியதற்கு இருபத்துமூன்று கொடுப்பது வெளிவந்த வருஷத்துக்கு மதிப்பெண் போடுவதுதான்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. மாரோவிண்டில் கண்முன்னே கத்தி எதிரியின் மேல் படும், உள்ளே ஓடும் பகடை "படவில்லை" என்று சொல்லும். அது இன்றைக்கு விளையாடுகிறவரை விரட்டியடிக்கும் குறை, மதிப்பெண் கழியுங்கள். எல்டன் ரிங்கில் நிலவறைகளும் அவற்றின் பாஸ் எனும் பெரிய எதிரிகளும் பிற்பாதியில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதற்கும் கழியுங்கள். நியாயமான காரணத்துக்கு எவ்வளவு கழித்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

நீங்கள் எந்த நெருக்கடியில் எழுதுகிறீர்கள் என்பதும் தெரியும். வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால் பிரதி கையில் வரும். எல்லோருக்கும் முன்னால் விமர்சனம் போட வேண்டும். அந்த அவசரத்தில் குறியைப் பின்பற்றி ஓடுவதுதான் ஒரே வழி. புதிய கேமின் விமர்சனத்துக்கு அது பொருந்தும். காலத்துக்கும் சிறந்தவை என்று பட்டியல் போடும்போது அந்த அவசரம் யாருக்கும் இல்லை. அங்கே நிதானமாக ஆடிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

பரப்பளவுக்கும் மணி நேரத்துக்கும் குவெஸ்ட் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். தகவலாக ஓரத்தில் போடுங்கள், வாங்குகிறவருக்கு உதவும். மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள்.

பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கேமையும், குறியையும் மினிமேப்பையும் அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, ஒரு குவெஸ்டையாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து பாருங்கள். சொன்ன வழியை வைத்து இடத்தை அடைய முடிந்ததா என்று எழுதுங்கள். அணைக்கவே முடியாத கேம் என்றால் அதையும் எழுதுங்கள். அதேபோல, ஆரம்பத்தில் தோற்று ஓடிய ஓர் இடத்துக்குப் பத்துப் பதினைந்து லெவல் கழித்துத் திரும்பிப் போய், என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு பெரிய முடிவை இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்து, உலகம் உண்மையிலேயே மாறுகிறதா, வசனம் மட்டும் மாறுகிறதா என்றும் சொல்லுங்கள். இதில் எதற்கும் ரசனை தேவையில்லை, நேரம்தான் தேவை.

உங்கள் குழுவில் யார் எந்தக் கேமை எவ்வளவு தூரம் விளையாடினார்கள் என்பதை ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் போடுங்கள். விளையாடாத கேமுக்கு மதிப்பெண் போட வேண்டாம், காலியாக விடுங்கள்.

விளையாடி முடித்துச் சில மாதம் ஆனவர்களிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து அந்த உலகத்தை வரையச் சொல்லுங்கள். வாசகர்களிடமே கேட்கலாம், நிறையப் பேர் அனுப்புவார்கள். அந்தப் படங்களைப் பட்டியலோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்போதைய தரவரிசையின் மேல், "மதிப்பெண் முறை பரிசீலனையில் உள்ளது" என்று இந்த வாரமே ஒரு குறிப்புப் போடுங்கள். அடுத்த விடுமுறைக்கு முன்னால் புதிய பட்டியலை வெளியிடுங்கள். பிள்ளைகள் காசு சேர்த்து வாங்குவது அப்போதுதான். இந்த மடலுக்கான பதிலையும் எனக்குத் தனியாக அனுப்பாமல், பட்டியல் வந்த அதே பக்கத்தில், அதைப் படித்த எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகன்